அன்னங்களை அனுப்பிவிட்ட வகுப்பறை

நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இரண்டு சொற்றொடர்கள் நெடுநாளாகப் புழங்கி வருகின்றன. ஒன்று ‘மெல்லக் கற்கும் மாணவர்’. மற்றொன்று ‘மீத்திறன் மாணவர்’. முதற்பெயருக்கு உரியவர்களுக்காகச் சிறப்பு வகுப்பு, குறைந்தபட்சக் கற்றல் கையேடு, மாலை நேரப் பயிற்சி என ஏதேனும் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்பார்கள் என்ற அச்சமே அதை நடத்துவிக்கிறது என்றாலும், நடக்கிறது. இரண்டாம் பெயருக்கு உரியவர்களோ பெரும்பாலும் கோப்புகளில் மட்டுமே வாழ்கிறார்கள். கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் குழுவின் படிவங்களில், மெல்லக் கற்போருக்கும் மீத்திறன் உடையோருக்கும் நீங்கள் தனித்தனியே என்ன செய்தீர்கள் என்றொரு வினா இடம்பெற்றிருந்தது. வினாடி வினா நடத்தினோம், நூலகத்திலிருந்து ஒரு நூல் கூடுதலாகக் கொடுத்தோம், கருத்தரங்கிற்கு அனுப்பினோம் என்று விடை எழுதப்பட்டது. வகுப்பறைக்குள் அந்த மாணவருக்கு என்ன நேர்ந்தது என்று அந்தப் படிவமும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

வகுப்பறைக்குள் நேர்வதைச் சொல்வது கடினமன்று. ஆசிரியர் சொல்லத் தொடங்கும்போதே முடிவைக் கண்டுகொண்ட ஒரு பிள்ளை, மீதி ஐம்பது நிமிடங்களைக் கடைசி வரிசையில் கழிக்கிறது. முதலாண்டில் கேள்வி கேட்கிறது. இரண்டாம் ஆண்டில் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. மூன்றாம் ஆண்டில் வராமலே இருந்துவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் அது ஒழுங்கீனம் என்று குறிக்கப்படுகிறது. சலிப்பு என்று எவரும் குறிப்பதில்லை.

இப்பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்யவேண்டும் என்ற வினாவுக்குத் தமிழகம் இதுவரை கண்டுள்ள விடை ஒன்றே. தேர்வு வைத்து அவர்களைக் கண்டுபிடி. கண்டபின் வேறோர் இடத்திற்குக் கொண்டுபோ. இந்த விடை போதாது என்பதும், அவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பறையிலேயே பாடம் சொல்லும் முறை மாறவேண்டும் என்பதும், அம்மாற்றத்திற்கு வேண்டிய கருவிகள் தமிழ்க் கல்வி மரபுக்குள்ளேயே கிடக்கின்றன என்பதும் நம் துணிபு.

மாணாக்கர் எல்லோரும் ஒருபடித்தானவர் அல்லர் என்பதைப் பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துச் சொல்லிவிட்டார். அன்னமும் பசுவும் போன்றவர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடைமாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் கடைமாணாக்கர். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வரும் இப்பகுப்பை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம், தேர்விலும் எழுதியிருக்கிறோம். ஆனால் அதே பாயிரத்தில் உள்ள மற்றொரு கணக்கை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. ஆசிரியர் சொன்னதை முழுக்கவே வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு. அப்போதுதான் புலமை நிறைவு பெறும் என்பது நன்னூலார் கணக்கு.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் திட்டங்களைப் பார்ப்போம். சிறந்த மாணவர்களைப் பொறுக்கியெடுத்துத் தனியே வைக்கும்போது, ஆசிரியர் தரும் அந்தக் கால் பங்கை நாம் மேம்படுத்துகிறோம். மற்ற முக்கால் பங்கு என்ன ஆகிறது? பலவகைப்பட்ட தோழரோடு பயில்வது சுருங்குகிறது. தெரியாதவருக்கு விளங்கச் சொல்லும் வாய்ப்போ அற்றே போகிறது. அன்னங்களை அனுப்பிவிட்ட வகுப்பறையில் எஞ்சியிருப்போருக்கும் அதே இழப்புதான்.

பெரம்பலூர் மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டம் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் சின்ன வெங்காயத்திற்கும் பெயர் பெற்றது. வேப்பந்தட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பச்சைமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். வெங்காயம் எடுக்கும் காலத்திலும் பருத்தி எடுக்கும் காலத்திலும் வகுப்பில் இருக்கைகள் காலியாகும். இத்தகைய மாவட்டத்தில்தான் 2010களின் முற்பகுதியில், அப்போதைய ஆட்சியர் தரேஸ் அகமது காலத்தில், ‘சூப்பர் 30’ என்ற திட்டம் தொடங்கப்பெற்றது. 2002இல் பாட்னாவில் ஆனந்த்குமார் தொடங்கிய பயிற்சிக் கூடத்தின் பெயரையும் முறையையும் தழுவி, அரசுப் பள்ளிகளில் சிறந்து விளங்கிய மாணவர்களைத் தேர்ந்தெடுத்து மருத்துவம், பொறியியல் இடங்களை நோக்கிப் பயிற்றுவித்த முயற்சி அது. கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அதன்வழி தொழிற்கல்விக் கல்லூரிகளுக்குள் நுழைந்தனர். அதன் பயனை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. பின்னர் 2021-22ஆம் கல்வியாண்டில் தமிழக அரசு தொடங்கிப் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் விரித்த மாதிரிப் பள்ளிகளும் இதே எண்ணத்தின் பெரிய வடிவமே.

ஆயினும் இங்கே ‘திறன்’ என்று அளக்கப்படுவது எது என்று கேட்கவேண்டியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெறும் ஆற்றலே திறன் என்று கொண்டால், தேர்வு மாறும் நாளில் அத்திறனும் மறைந்துபோகும். நமக்கு அண்டையிலேயே அது நடந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, 2017இல் பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். அவ்வாண்டு தமிழகத்தில் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் அடிப்படைக்கு மாறியது. உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடியவர், செப்டம்பர் 1ஆம் நாள் நம்மிடையே இல்லாமற் போனார். அவரைப் பற்றி எழுதும்போது எழுதுகோல் தயங்குகிறது. அரசியல் மேடைகளில் அவர் பெயர் போதுமான அளவு பயன்பட்டுவிட்டது. ஆசிரியர்களாக நாம் நினைவிற்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பிள்ளையிடம் நாம் எதைக் கேட்டோமோ அதைக் குறைவறத் தந்தவர் அவர். கேட்டது போதாது என்பது நம் வகுப்பறைகளின் குறையேயன்றி அவருடையது அன்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. வகுப்பறையில் கேட்கப்படும் கேள்விகளை மாற்றச் சட்டம் எதுவும் வராது; அதை நாம்தான் மாற்றவேண்டும்.

திறனைத் தேர்வால் பொறுக்குவதில் உள்ள இடர் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து உளவியலர் லூயிஸ் டெர்மன் 1921இல் நுண்ணறிவுத் தேர்வின் மூலம் கலிஃபோர்னியாவின் மீத்திறன் சிறுவர்களைத் தேடித் திரட்டினார். அத்தேர்வை எழுதியும் எல்லைக்கோட்டைத் தாண்டாமல் விடுபட்ட சிறுவர் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வரெஸும். முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும் இயற்பியலுக்கு நோபெல் பரிசு பெற்றார்கள். திரட்டப்பட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டவர்களில் எவருக்கும் அப்பரிசு கிடைக்கவில்லை. வலையின் கண்ணுக்குத் தக்க மீன்தானே அகப்படும்.

தமிழுக்கென்றே ஒரு வலை இப்போது வீசப்படுகிறது. 2022-23ஆம் ஆண்டு முதல் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு நடத்தப்பட்டு, 1500 பேருக்கு இரண்டாண்டுகள் மாதந்தோறும் 1500 ரூபாய் உதவித்தொகை தரப்படுகிறது. இலக்கியத் திறனுக்காக ஒரு பிள்ளையின் கையில் அரசு பணம் கொடுப்பது போற்றத்தக்கது; சிற்றூர் வீடுகளில் தமிழ்ப் படிப்புக்கு அது தரும் மதிப்பும் பெரிது. ஆனால் தேர்வு பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை ஒட்டிய கொள்குறி வினாக்களால் ஆனது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நினைவாற்றலின் அளவுகோல். ஒரு பாடலைப் படித்துவிட்டு, உரையாசிரியர் சொன்ன பொருள் பொருந்தவில்லையே என்று திகைத்து நிற்கும் பிள்ளையை அது அடையாளம் காணாது. அந்தத் திகைப்பே இலக்கியத் திறன்.

அப்படியானால் வகுப்பறையில் என்னதான் செய்வது? இவ்வட்டாரத்திலேயே நடந்த ஒரு வரலாறு வழிகாட்டும்.

உ.வே.சாமிநாதையர் பிறந்தது பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம், 1855இல். ஆனால் அவருடைய இளமைத் தமிழ்க்கல்வியின் பெரும்பகுதி நடந்தது அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில். அரியலூரில் சடகோபையங்கார் தமிழின் சுவையைக் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை திருவிளையாடற் புராணம் சொன்னார். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெருமையும் இப்பகுதி அறிஞர்கள் வாயிலாகவே அவர் காதில் விழுந்தது. பின்னர் மாயூரம் சென்று மகாவித்துவானிடம் சேர்ந்து, அவர் 1876இல் மறையும்வரை உடனிருந்து கற்றார். ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் இவ்வூர்ப் பெயர்களை மறந்திருக்கமாட்டார்கள்.

இந்த ஆசிரியர்களில் எவரும் பெரும்புலவர் என்று நாடறிந்தவர் அல்லர். ஒருவருக்குப் புராணம் தெரியும். ஒருவருக்கு இலக்கணம் தெரியும். ஒருவருக்கு யாப்புத் தெரியும். தெரிந்ததைக் குறைவில்லாமல் கொடுத்தார்கள். தம் எல்லை எதுவென்று அறிந்திருந்தார்கள். தம்மினும் மேலான ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பையன் கேட்கும்படி சொல்வதில் அவர்களுக்கு எந்தத் தாழ்வும் தோன்றவில்லை. மீத்திறன் மாணவருக்கு ஆசிரியர் செய்யக்கூடிய முதல் உதவி இதுவே. அவரைவிட நாம் அறிவாளியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அடுத்த வாசல் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அதே வரலாற்றில் இரண்டாவது பாடமும் உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்துவிட்ட சாமிநாதையர், அவ்வாண்டு அக்டோபரில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலைச் சொல்கிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். பிறகு ஒரு பிரதியையும் வரவழைத்துக் கொடுக்கிறார். 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பும் அதைத் தொடர்ந்து வந்த சங்க நூற்பதிப்புகளும் அந்த ஒரு கேள்வியிலிருந்து முளைத்தவை. மெச்சுவார் பலர் இருந்தபோது அவருக்குக் கிடைத்த பெரும்பேறு, மெச்சாத ஒருவர். அறிவுள்ள பிள்ளையைப் பாராட்டிப் பாராட்டியே நாம் முடக்கிவிடுகிறோம். இன்னும் படிக்காதது ஒன்றைக் காட்டி, படித்துவிட்டு வா என்று கையில் கொடுத்தனுப்புவதே உண்மையான பாராட்டு.

சாமிநாதையர் 1903இல் கும்பகோணத்திலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். மறு ஆண்டு, 1904இல், கும்பகோணம் கல்லூரியில் மாணவராக நுழைந்தவர் இராமானுஜன். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. 1913 சனவரியில் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் கிடைக்க வேண்டியவர் கையில் கிடைத்தது. 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். திறமையுள்ளவன் எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவான் என்று சொல்வோர் இக்கதையைத் தமக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. நாம் அதைத் தலைகீழாகப் படிக்கிறோம். இராமானுஜனையே கைவிடக்கூடிய வகுப்பறை, கடிதம் எழுதத் துணியாத எத்தனை பேரைக் கைவிட்டிருக்கும்? வெளியே வந்தவரை மட்டுமே நாம் எண்ணுகிறோம்.

இராமானுஜனை உருவாக்கிய நூலைப் பற்றியும் ஒரு சொல். பதினைந்து பதினாறு வயதில் அவர் கைக்குக் கிடைத்த ஜி.எஸ்.கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல், உயர்ந்த நூல் என்று பெயர் பெற்றதன்று. ஏறத்தாழ 5000 முடிவுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். நிறுவல்கள் பெரும்பாலும் விடப்பட்டிருக்கும் அல்லது சுருக்கக் குறிப்பாக இருக்கும். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென எழுதப்பட்ட நூலின் அந்தக் குறையே இந்தச் சிறுவனுக்கு வரமாயிற்று. விடுபட்ட இடங்களைத் தானே நிரப்பிக்கொண்டான். இதிலிருந்து நாம் பெறும் முடிவு, மீத்திறன் மாணவருக்குக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்பதன்று. குறைத்துக் கொடுக்கவேண்டும் என்பதே. கூடுதல் பயிற்சித்தாள், கூடுதல் வினா வங்கி, கூடுதல் வகுப்பு எல்லாம் பழைய சலிப்பையே இரட்டிப்பாக்கும். நிரப்பப்படாத இடம் ஒன்றை விட்டுவைத்தால் போதும். அது தன்னைத் தேடி வரும் அறிவை அழைத்துக்கொள்ளும்.

தமிழ் வகுப்பில் நிரப்பப்படாத இடத்தை உண்டாக்குவது எளிது. உரையை மூடி வைக்கவேண்டும். அவ்வளவுதான்.

இன்றைய நடைமுறையில் பாடல் வருவதற்கு முன்பே பொழிப்புரை வந்துவிடுகிறது. பாடலாசிரியர் குறிப்பு, திணை, துறை, கூற்று, சொற்பொருள், இலக்கணக் குறிப்பு எல்லாம் கரும்பலகையில் ஏறிய பிறகு, மாணவருக்குப் பாடலில் செய்ய வேலை எதுவும் மிஞ்சுவதில்லை. மாறாக, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு குறுந்தொகைப் பாடலைக் கூற்றுக் குறிப்பின்றி எழுதிப் போடலாம். பேசுவது தலைவியா, தோழியா? கேட்பது யார்? எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்? இவ்வளவே வினா. நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அடங்கும் பாடல் என்பதால் எவரும் அஞ்சவேண்டியதில்லை. அருஞ்சொற்கள் ஐந்தாறுக்குப் பொருள் எழுதிவிட்டால் எல்லா மாணவரும் ஏதேனும் ஒரு விடை சொல்லமுடியும். சிலருடைய விடை இரண்டு வரியில் நிற்கும். ஒருவருடையது, உரைகளிலெல்லாம் இல்லாத ஓர் இடத்திற்குப் போய்விடும். ஒரே வினா, தரை எல்லோருக்கும் எட்டுகிறது, கூரை மட்டும் எடுக்கப்பட்டுவிட்டது. நாம் தேடும் மாணவர் யார் என்பதும் அங்கே தானாகத் தெரிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அதைத் தெரிவிக்காது.

அடுத்த படி, இரண்டு உரைகளை எதிரெதிரே வைப்பது. தமிழ் உரை மரபு முழுவதுமே கருத்து வேறுபாட்டின் மேல் கட்டப்பட்டது. இளம்பூரணரைச் சேனாவரையர் மறுப்பார். மணக்குடவர் ஒரு பாடம் கொள்ள, பரிமேலழகர் வேறொரு பாடம் கொள்வார். குறளின் வைப்பு முறையிலேயே இருவரும் வேறுபடுவர். இவ்வளவு பெரிய வழக்காடு மன்றத்தை வைத்துக்கொண்டு, தீர்ப்பை மட்டும் படித்துக்காட்டி வகுப்பை முடித்துக்கொள்கிறோம். இரு உரைகளையும் கொடுத்து, எது பொருந்தும், ஏன் என்று கேட்டால், கணிதப் பாடப்பிரிவில் இருந்துகொண்டு பகுதி 1 தமிழுக்காக மட்டும் வந்து உட்கார்ந்திருக்கும் மாணவர் நிமிர்ந்து உட்காருவார். தருக்கம் அவருக்குப் பழகிய ஆயுதம். தமிழில் ஊக்கமுள்ளவர் தமிழ்த்துறையில் மட்டும் இருப்பார் என்று எண்ணுவது நம் மயக்கம்.

மூன்றாவது, பாடநூலுக்கு வெளியே உள்ள மூலங்கள். வேப்பந்தட்டை வட்டத்தில் வாலிகண்டபுரம் இருக்கிறது. வாலீசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அச்சிட்ட கல்வெட்டுப் பாடம் ஒன்றை முன்னால் வைத்து, நிலத்தையும் நீரையும் குறிக்கும் சொற்களில் எவை இன்றும் தம் ஊரில் வழங்குகின்றன என்று பட்டியலிடச் சொன்னால், அந்த வேலையில் பேராசிரியரைவிட உழவர் வீட்டுப் பிள்ளைக்கே கூடுதல் தகுதி. அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பட்டறைகளில் வழங்கும் தொழிற்சொற்களை ஒரு பருவம் முழுவதும் தொகுத்தாலும் தீராது. இவற்றுக்கு விடைநூல் கிடையாது. ஆசிரியருக்கும் விடை தெரியாத வினா ஒன்று வகுப்பில் இருக்கும்போதுதான் மீத்திறன் மாணவர் தாமும் வேண்டப்படுகிறோம் என்று உணர்கிறார்.

நூல் கிடைக்காதே என்ற பழைய தடையும் இன்று பெரிதும் நீங்கிவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஒரு கைப்பேசி இருந்தால் போதும் என்ற நிலையை உண்டாக்கியிருக்கின்றன. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். நம் மாணவருக்கு ஏடு கையிலேயே இருக்கிறது. அதைத் திற என்று சொல்லும் ஆள் மட்டுமே குறை.

மதிப்பெண் வராத வேலையை மாணவர் செய்வாரா என்று நண்பர்கள் கேட்பர். பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25 என்ற பகுப்பு நம்மிடம் உள்ளது. அந்த 25 ஆசிரியர் கையில் இருப்பது. அதிலும் பருவத் தேர்வின் குட்டி வடிவத்தையே நடத்தி அந்த உரிமையை நாமே வீணடிக்கிறோம். அதில் ஒரு பகுதியையாவது, ஒற்றை விடை இல்லாத ஒரு வினாவுக்கு ஒதுக்க எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

இனி, எழக்கூடிய வலுவான மறுப்பொன்றைக் கருதவேண்டும். ‘மீத்திறன்’ என்ற சொல்லே ஐயத்திற்குரியது என்பர் சிலர். கல்வி சிலருக்குப் பிறப்பால் வாய்த்தது என்று பல நூற்றாண்டுகள் சொல்லிவந்த நாட்டில், சிலரை உயர்ந்த திறனுடையோர் என்று பிரிப்பது பழைய படிநிலையைப் புதிய பெயரில் கொண்டுவருவதாகாதா? இந்த ஐயத்தை நாம் மதிக்கிறோம். மேலே சொன்ன குன்னத்திலும் செங்கணத்திலும் ஒரு பையனுக்காக ஊரே முன்வந்து ஆசிரியரையும் உணவையும் இடத்தையும் தந்த அதே காலத்தில், அவ்வூர்ச் சேரிப் பிள்ளைகள் ஏட்டைத் தொடவும் வாய்ப்பில்லை. அவர்களுக்குள்ளும் ஒரு சாமிநாதன் இருந்திருப்பான். அவன் பதிப்பிக்காமற் போன நூல்கள் எவை என்று எவரும் அறியார். சாமிநாதையருக்காக அவர் தந்தை வேங்கடசுப்பையர் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். வெங்காயக் காட்டில் கூலிக்குப் போகும் தாய் தன் மகளுக்காக அப்படிக் குடிபெயர முடியாது.

இந்த மறுப்பு பொறுக்கியெடுக்கும் முறைக்கே பொருந்தும். வகுப்பறையை உயர்த்தும் முறைக்கு அன்று. யார் மீத்திறன் உடையவர் என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டியதில்லை. எல்லோர் முன்னும் கடினமான நல்ல வினாவை வைக்கவேண்டும், எழுபவர் எழட்டும். இந்த வாரம் எழுந்தவர் அடுத்த வாரம் அமரலாம். பேசாதிருந்தவர் திடீரென்று பேசலாம். முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கடினம் ஆகாது, எளிமைப்படுத்திக் கொடுங்கள் என்று இரக்கத்தோடு சொல்லப்படும் அறிவுரையிலேதான் பழைய படிநிலை ஒளிந்திருக்கிறது. எளிய பாடம் நகரத்துப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. ஆனால் அவன் வீட்டில் நூலலமாரி இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு வகுப்பறையே நூலலமாரி. அங்கும் கீழ்த்தட்டை மட்டும் திறந்துவைப்பது நீதியாகாது.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. நன்னூலார் சொன்ன அரைப் பங்கைக் காரணம் காட்டி, நன்றாகப் படிக்கும் பிள்ளையை மற்றவர்க்குப் பாடம் சொல்லும் கூலியில்லா ஆசிரியராக்கிவிடுதல் கூடாது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையைப் பார்த்துத்தான், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆண்ட்ரூ பெல் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றார் என்பர். சிக்கனமான முறை, ஆனால் சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வான். நன்னூலார் கருதியது ஒப்பிப்பதன்று, செவ்வையாக உரைப்பது. தான் புதிதாகக் கண்டதை, காணாதவர் முன் நின்று, அவர் எழுப்பும் தடைகளுக்கு விடை சொல்லி நிறுவுவது. கடைசி வரிசையிலிருந்து வரும் ஓர் எளிய கேள்வி, கெட்டிக்கார விளக்கத்தை உடைத்துவிடுவதுண்டு. அப்படி உடைபட்டு மீண்டும் கட்டும்போதுதான் கெட்டிக்காரத்தனம் புலமையாகிறது. இதற்காகத்தான் அன்னமும் கிளியும் மண்ணும் ஒரே அறையில் இருக்கவேண்டும் என்கிறோம்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தனித்திறன் உடைய மாணவரை ஊக்குவிக்கவேண்டும் என்று பேசுகிறது. ஆசிரியர் பயிற்சியிலேயே அதற்கு இடம் வேண்டும் என்கிறது. அக்கொள்கையின் பிற பகுதிகள் குறித்து நமக்குள் எத்தனையோ வழக்குகள் உண்டு. எந்தக் கொள்கை வந்தாலும் அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பிற்குள், கதவு மூடிய பிறகு, நடப்பதை முடிவு செய்பவர் ஆசிரியரே. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு பருவத்தில் இருபது பாடல்களுக்கு உரை சொல்லி முடிப்பதும், பதினைந்துக்கு உரை சொல்லி ஐந்தை மாணவரிடமே விட்டுவைப்பதும் நேரக் கணக்கில் ஒன்றே.

அடுத்த பருவம் தொடங்கும்போது, தமிழாசிரியர் ஒவ்வொருவரும் உரை சொல்லாமல் விட்டுவைக்கப்போகும் அந்த ஐந்து பாடல்களை மட்டும் முன்கூட்டித் தேர்ந்து வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு மாணவர் எழுதும் விடைகளில், நமக்கே விளங்காத ஒன்று வந்து சேர்ந்தால், அதைத் திருத்தி 10க்கு 4 போட்டுவிடாமல், எழுதியவரை அழைத்து உட்காரவைத்துப் பேசவேண்டும். நமக்கும் எட்டாத இடமென்றால், இன்னாரிடம் போ, இந்த நூலைப் பார் என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். செங்கணத்திலும் கார்குடியிலும் இருந்த ஆசிரியர்கள் செய்தது அவ்வளவே; அது போதுமானதாக இருந்தது.